படையலில் வைத்த டப்பா

நடந்தது வரிசைப்படி இது.

1. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ரத்தக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் இரவில் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்று.
2. அம்மாவுக்கும் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கும் கொழுப்பு அதிகம். அவளுக்கும் அதே மாத்திரை.
3. அப்பாவின் தங்கை, என் அத்தை, கொழுப்பைக் கரைக்கும் என்று மூலிகை கேப்சூல் டப்பாக்கள் கொண்டுவந்தாள்.
4. அம்மா அந்த கேப்சூலை அப்பாவுக்குக் காலையும் இரவும் கொடுத்தாள். இரவு மாத்திரையும் நிற்கவில்லை.
5. சம்பா நடவு நடந்தது. அப்பாவுக்குக் கால் வலித்தது.
6. சிறுநீர் கறுத்தது. உடம்புச் சூடு என்று அம்மா இளநீர் கொடுத்தாள்.
7. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.
8. காரணத்தை மருத்துவர் அப்பாவிடமும் என்னிடமும் சொன்னார். அம்மா அப்போது அங்கே இல்லை.
9. அம்மாவிடம் சொல்லாதே என்று அப்பா கேட்டுக்கொண்டார்.
10. அப்பா இறந்துபோனார்.
11. முப்பதாம் நாள் படையல் போட்டோம்.

பதினொன்றாவதற்கு ஒரு வரி போதாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானி, வெப்பமானி போன்ற அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்களிடம் ஒரு கருவி பழுதானால் முதலில் நடந்ததை எண் போட்டு எழுதுவோம். காரணத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். காரணத்தை முதலில் எழுதுபவர் நடந்ததை அதற்குத் தக்கபடி வளைத்துவிடுவார் என்று சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். மேலே உள்ள வரிசையில் நான் எதையும் வளைக்கவில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் கொஞ்சம். அப்பா வாழ்க்கையில் நெல்லைத் தவிர வேறெதையும் முழுதாக நம்பியதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்று தொலைக்காட்சியில் சொன்னால்கூட, வாய்க்காலில் கால் வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவார்.

அத்தை கேப்சூல் கொண்டுவந்த நாளில் நான் வீட்டில் இல்லை. ஆனால் அந்தக் காட்சி எனக்கு மனப்பாடம். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதைச் சொன்னாள். பாதி சொல்லும்போது சிரிப்பாள், மீதியில் அழுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தையும் கூடவே சிரித்து கூடவே அழுவாள்.

அத்தையின் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இரண்டு வருடமாக அத்தை ஒரு நேரடி விற்பனைக் குழுவில் இருந்தாள். பற்பசை, காபித் தூள், சத்துமாவு என்று பையில் எதையாவது வைத்திருப்பாள்.

"அண்ணே, இதச் சாப்பிட்டீங்கன்னா கொழுப்பு எல்லாம் உருகி ஓடிரும்" என்று டப்பாவை நீட்டியிருக்கிறாள்.

"உனக்கு இருக்குற கொழுப்புக்கு நீதான் ரெண்டு டப்பா முழுங்கணும்" என்றாராம் அப்பா.

"வெளையாடாதீங்கண்ணே. இது மருந்தே கெடையாது. அரிசி. சிவப்பு அரிசியிலேருந்து எடுக்குறாங்க."

"அரிசியா? ஏன் புள்ள, கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்திருக்கியா?"

ஆனாலும் டப்பாவை வாங்கினார். ஒரு கேப்சூலைப் பிரித்து, உள்ளே இருந்த செம்பழுப்புத் தூளை உள்ளங்கையில் கொட்டி, விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். வியாபாரி கொண்டுவரும் விதைநெல்லை அப்படித்தான் பார்ப்பார். பத்தாயத்தைத் திறந்தால் வருகிற பழைய நெல் வாசனை அதில் வந்ததாம்.

"அரிசிதான்" என்று அம்மாவிடம் சொன்னார். "மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை மாதிரி ஏதோ ஒண்ணு. அரைச்சு அடைச்சிருக்கான். அரிசியத் தின்னு எவனாவது செத்தானா?"

இந்த இடத்தில்தான் அம்மாவின் கதை சிரிப்பிலிருந்து அழுகைக்கு மாறும்.

கேப்சூலை அம்மா சாப்பிடவில்லை. அத்தை இருவருக்கும் சேர்த்துத்தான் கொடுத்தாள். "வெயில்ல நிக்கிற மனுசனுக்குத்தான் தெம்பு வேணும். வீட்டுல இருக்குறவளுக்கு என்னத்துக்கு?" என்று அம்மா தன் பங்கையும் அப்பாவுக்கே ஒதுக்கினாள். எங்கள் வீட்டில் மீன் தலை அப்பாவுக்கு, அடிச்சோறு அம்மாவுக்கு என்று எல்லாம் இப்படித்தான் பங்காகும். யாரும் அதைத் தியாகம் என்றெல்லாம் நினைத்ததில்லை.

அதன் பிறகு இதய மருத்துவரிடம் அப்பாவை வழக்கமான பரிசோதனைக்கு அம்மா அழைத்துப் போயிருக்கிறாள். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டார். "இல்லைங்க" என்றார் அப்பா. அம்மாவும் இல்லை என்றாள். இருவரும் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அரிசியை யாரும் மருந்தின் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். காலையில் இட்லி சாப்பிட்டேன் என்று மருத்துவரிடம் சொல்வார்களா? அதுபோலத்தான்.

கால்வலி புரட்டாசியில் தொடங்கியது. இயந்திர நடவுதான், என்றாலும் இயந்திரம் விட்டுவிட்டுப் போகிற மூலைகளில் கையால்தான் நாற்று ஊன்ற வேண்டும். அப்பா சேற்றில் நின்றார். தொலைபேசியில் நான் கேட்டபோது, "நடவு சமயத்துல கால் வலிக்காதவன், வரப்புல நின்னு வேடிக்கை பார்த்தவன் பாப்பா" என்றார். ஊரில் எல்லோருக்கும் அப்போது கால் வலித்தது. எல்லார் வீட்டிலும் தைலம் வாசனை அடித்தது.

பிறகு வாய்க்காலிலிருந்து வரப்புக்கு ஏற அவரால் தொடையைத் தூக்க முடியவில்லை. ஒரு கையை ஊன்றித்தான் ஏறினார். பிறகு சிறுநீர் கறுத்தது. "வரக்காப்பி மாதிரி போவுது" என்று அம்மாவிடம் சொன்னார்.

"சூடு. நாளெல்லாம் வெயில்ல நின்னா வேற என்ன ஆவும்" என்றாள் அம்மா.

கொல்லையில் கிணற்றடியில் ஒரு செவ்விளநீர் மரம் இருக்கிறது. அதிகம் உயரமில்லாத மரம். துரட்டியால் அம்மாவே பறித்துவிடுவாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, மாலையில் ஒன்று கொடுத்தாள். சிறுநீர் குறைந்தது. குறைந்ததைப் பார்த்து இன்னும் அதிகமாகக் கொடுத்தாள். அப்பா வாந்தி எடுத்து, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு அத்தை கார் பிடித்தாள். நான் திருச்சியிலிருந்து நேரே தஞ்சாவூர் போனேன்.

மருத்துவமனையில் உடனே டயாலிசிஸ் செய்தார்கள். அப்பாவுக்கு நினைவு தெளிந்தது. சிறுநீரக மருத்துவர், நிதானமாகப் பேசுகிற ஒரு பெண்மணி, என்னைத் தனியாக அழைத்து, "தசை உடைஞ்சிருக்கும்மா. உடைஞ்ச தசை ரத்தத்துல கலந்து கிட்னியை அடைச்சிருக்கு. கொழுப்பு மாத்திரையால எப்போதாவது இப்படி ஆகும், ஆனா அவர் சாப்பிடுற அளவுக்கு இவ்வளவு தூரம் போகாது. வேற ஏதோ இருக்கு. வீட்டுல பாருங்க" என்றார்.

மாற்றுத் துணி எடுக்க ஊருக்குப் போனபோது பார்த்தேன். சாமி மாடத்துக்குக் கீழே, இரவு மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில், அந்த டப்பா இருந்தது. முன்பக்கம் பச்சை இலைப் படம். பின்பக்கம் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் போலப் பொடி எழுத்து. ரெட் ஈஸ்ட் ரைஸ் என்று இருந்தது.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மருத்துவர் அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மா கீழே டீ வாங்கப் போயிருந்தாள்.

"இதையா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"அரிசிதாங்க அது" என்றார் அப்பா.

"அரிசிதாங்க ஐயா. அதுல ஒரு பூஞ்சையை வளர்க்குறாங்க. அந்தப் பூஞ்சை ஒரு மருந்துச் சரக்கை உண்டாக்கும். நீங்க ராத்திரி போடுற மாத்திரையும் அந்தச் சரக்கும் ஒரே வகை. ஒண்ணு போதும்னு டாக்டர் அளந்து குடுத்திருக்கார். நீங்க கூடவே இன்னொண்ணு எடுத்திருக்கீங்க. இந்த டப்பாவுல எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. சிலருக்கு ஆகும்."

அப்பா கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தார். "பூஞ்சை புடிச்ச அரிசி" என்றார். "மாட்டுக்குக்கூட வைக்க மாட்டோம்."

மருத்துவர் சிரிக்கவில்லை. "வலி வந்த பிறகு வேற என்ன சாப்பிட்டீங்க? இளநீர் குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"எவ்வளவு?"

"அவ குடுத்ததெல்லாம்."

சிறுநீரகம் வேலை செய்யாதபோது இளநீரிலுள்ள பொட்டாசியம் வெளியே போகாமல் ரத்தத்தில் தங்கிவிடும், அது இதயத்தைத் தாக்கும் என்று மருத்துவர் விளக்கினார். அப்பாவின் ரத்தத்தில் அது மிக அதிகமாக இருந்ததாகவும், இப்போது குறைத்திருப்பதாகவும், ஆனால் இதயம் ஏற்கெனவே பழுதுபட்டது என்பதால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை அது. சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

"பாப்பா" என்றார் அப்பா.

"சொல்லுங்கப்பா."

"அம்மாகிட்ட இதச் சொல்லாத."

"எதப்பா?"

"ரெண்டையுந்தான். ரெண்டும் அவ கையால குடுத்தது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் இருந்தேன்னா, போடி, நீதான் என்னப் படுக்க வச்சேன்னு நானே கேலி பண்ணி ஆத்திருவேன். நான் இல்லன்னா அவளுக்கு யாரு ஆத்துறது? சரின்னு சொல்லு."

"சரிப்பா."

அம்மா டீ பிளாஸ்க்கோடு வந்தாள். "என்ன, அப்பாவும் மவளும் ரகசியம் பேசுறீங்க?"

"நீ காலையில கொண்டாந்த இட்லியப் பத்திதான். எறிஞ்சா நாய் சாவும்னு பேசிக்கிட்டிருந்தோம்."

"வாய்க்கு மட்டும் ஒண்ணும் வரல பாரு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அத்தனை நாளில் முதல்தடவையாக நிம்மதி தெரிந்தது. பேசுகிற மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை, இரண்டாவது டயாலிசிஸ் தொடங்கும் முன்பே, இதயம் நின்றுவிட்டது.

அந்த டப்பாவை நான் மருத்துவமனைக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டேன். வீட்டில் வேறு டப்பா இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் முப்பதாம் நாள் கும்பிடும்போது, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வாழை இலையில் படைப்பார்கள். புது வேட்டி, துண்டு, விரால் மீன் குழம்பு, வறுவல், முறுக்கு, வெற்றிலை, சீவல். அப்பாவுக்கு எப்போதும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ வேண்டும் என்பதால் ஒரு டம்ளர் டீ. படைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து, கதவைத் தட்டிவிட்டுத் திறப்போம். பிறகு அந்த இலையில் உள்ளதை வீட்டார் சாப்பிட வேண்டும். படைத்த பொருளை எறியக் கூடாது.

கதவைச் சாத்தும் முன் கடைசியாகக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். டீ டம்ளருக்குப் பக்கத்தில் பச்சை இலைப் படம் போட்ட டப்பா. மூடி திறந்திருந்தது. உள்ளே ஒரு செம்பழுப்பு கேப்சூல் மேலே தெரிந்தது.

நான் கையை நீட்டுவதற்குள், "வா வா, கதவச் சாத்தணும்" என்று அத்தை என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "அது எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"அரிசி டிரம்முல வச்சிருந்தேன். குளுமையா இருக்கும்ல. இன்னும் ரெண்டு டப்பா இருக்கு. உங்கப்பா கடைசி வரைக்கும் விடாம சாப்பிட்டது அது ஒண்ணுதான். மாத்திரைன்னா மொகத்தைச் சுளிப்பாரு. இதுக்குச் சுளிச்சதே இல்ல."

கதவைத் தட்டித் திறந்தார்கள். அம்மாவை இலையின் முன்னால் உட்காரச் சொன்னாள் அத்தை. அம்மா ஒரு வாய் சோறு எடுத்தாள். டீயில் ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு டப்பாவிலிருந்து அந்த கேப்சூலை எடுத்து, பழகிய கையோடு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். எல்லாம் நான் அவளுக்குப் பக்கத்தில் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அந்தப் பழகிய கைதான் என்னைப் பயமுறுத்தியது.

கை கழுவும் சாக்கில் அவளைக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். நடக்கும்போது அவள் தொடையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா சாப்பிடுற?"

"எத?"

"அந்த கேப்சூல."

"கருமாதி முடிஞ்சதுலேருந்து. ஏன்டி? காசு குடுத்து வாங்குனத எறியச் சொல்றியா? அவரு மிச்சம் வச்சது."

"ராத்திரி மாத்திரை?"

"அதையும்தான் போடுறேன். விடாம போடணும்னு நீதான சொல்லிட்டுப் போன?"

"கால் வலிக்குதா?"

"ஓயாம நின்னு சமைச்சா வலிக்காதா? வர்ற சனம் கொஞ்சமா?"

கிணற்றடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக அவளை உட்காரவைத்தேன். அப்பாவிடம் சொன்ன 'சரி' எனக்கு நினைவிருந்தது. அதைவிட அதிகமாக, தொடையின்மேல் இருந்த அம்மாவின் கை தெரிந்தது. சொன்னேன். கேப்சூலையும் மாத்திரையையும் பற்றி, மருத்துவர் சொன்ன அதே வரிசையில், ஒன்றும் கூட்டாமல் சொன்னேன்.

உள்ளே அத்தை யாருக்கோ குழம்பு ஊற்றச் சொல்லும் சத்தம் கேட்டது.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னாரு?"

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு."

"அப்புறம் ஏன்டி சொன்ன?"

"நீயும் சாப்பிடுறியேம்மா."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகை சத்தமாக வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. நான் அந்த முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆற்றத் தெரியவில்லை. அப்பா கேலி செய்து ஆற்றுவார். என்னிடம் கேலி எதுவும் இல்லை.

பிறகு அவள் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். குலையில் காய்கள் சிவந்திருந்தன.

"பாப்பா, அந்த எளநி குடிச்சப்பதான அவரு கொஞ்சம் தெளிஞ்சாரு? குடிச்சு முடிச்சு, அப்பாடான்னாருடி. அதாச்சும் நல்லதா இருந்துச்சுல்ல?"

"ஆமாம்மா" என்றேன்.

"ம்" என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டாள். "உங்க அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ பேசாத."

அன்று மாலையே அம்மாவைத் திருவாரூருக்கு அழைத்துப்போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். இரண்டு மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்கள்.

இப்போது நிலைமை இது.

அம்மாவுக்குத் தசைப் பாதிப்பு ஆரம்ப நிலையில் இருந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்வலி போய்விட்டது. கொழுப்பு மாத்திரையை மருத்துவர் அளவு குறைத்து மறுபடி தொடங்கியிருக்கிறார். இப்போது எந்த மருத்துவர் கேட்டாலும் அம்மா சாப்பிடுவதையெல்லாம் சொல்கிறாள். இட்லி உட்பட.

அத்தையிடம் அம்மா சொல்லிவிட்டாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தை கேப்சூல் விற்பதில்லை என்று கேள்விப்பட்டேன். பற்பசையும் காபித் தூளும் விற்கிறாளாம். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை.

குத்தகை நிலத்தை விட்டுவிட்டோம். சொந்த நிலத்தைப் பக்கத்து வயல்காரர் பார்த்துக்கொள்கிறார்.

அரிசி டிரம்மில் இருந்த டப்பாக்களை நான் அழித்துவிட்டேன்.

செவ்விளநீர் மரம் காய்க்கிறது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா ஒரு காயைப் பறித்துச் சீவித் தருகிறாள். அப்பாவுக்குக் கடைசியாக நல்லது செய்தது இதுதான் என்கிறாள். நான் வாங்கிக் குடிக்கிறேன்.

அப்பா சொல்ல வேண்டாம் என்ற இரண்டில் ஒன்று அம்மாவுக்குத் தெரியும். இன்னொன்று தெரியாது.